நல்லசாமி அண்ணன் வீடு கட்டப் போன கதை

மலேசியாவில், கோலா சாவா பக்கம் நல்லசாமி அண்ணனைப் பிடிவாதக்காரர் என்று சொல்லாத ஆள் கிடையாது. எனக்கு அவர் பெரியப்பா மகன். தொழில் கொத்தனார். செரம்பானைச் சுற்றி எத்தனையோ வீடுகளுக்குச் சுவர் எழுப்பியவர். அவர் குடியிருந்தது மட்டும், மழை பெய்தால் உள்ளேயும் பெய்கிற ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில்.

தோட்டத்தை வாங்கிய கம்பெனி, குடியிருந்தவர்களுக்கு செரம்பான் அம்பாங்கானில் அடுக்குமாடி வீடு தருவதாகச் சொன்னது. ஆனால் எல்லாரும் ஒன்றாகக் காலி செய்ய வேண்டும். ஒரு குடும்பம் நின்றாலும் யாருக்கும் கிடையாது. அண்ணன் நின்றார்.

"மூணு தலைமுறையா இந்த மண்ணுல உழைச்சிருக்கோம். இங்கயே தரை வீடு கட்டிக் குடுக்கட்டும். புறாக்கூட்டுக்கு நான் வர மாட்டேன் லா" என்றார்.

முதலில் எல்லாரும் அவர் பின்னால்தான் நின்றார்கள். வருஷங்கள் ஓடின. கம்பெனி தண்ணீர்க் குழாயை வெட்டிவிட்டது. வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தது அண்ணன் இல்லை, திலகா அண்ணி. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன வருஷம் லயத்துக் கோயில் தலைவர் சுகுமாறன், அண்ணனைத் தேடி வந்தார். இலங்கையில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு வீடு கட்டித் தர ஒரு குழு போகிறதாம், கொத்தனார் வேண்டுமாம், செலவெல்லாம் கோயிலுடையதாம். கடல் தாண்டாத மனிதர், தயங்கினார். அண்ணிதான் "போய்ட்டு வாங்க, புண்ணியம்" என்று விரட்டினார்.

அங்கே மண்சரிவில் வீட்டை இழந்த தேயிலைத் தோட்டத்துப் பெண், பெயர் பஞ்சாலை. புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அண்ணன் அடிக்கடி எனக்குப் போன் செய்வார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை.

"சின்ன வீடுதான்டா, ஆனா அம்சமா வருது. நம்ம தோட்டத்துலயும் இப்படித்தான் கட்டச் சொல்லணும். வந்ததும் கம்பெனிகிட்ட பேசுறேன்" என்றார்.

அவர் திரும்பி வரும் நாள் காலையில் அண்ணி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அண்ணன ஏர்போர்ட்ல ஏத்திக்கிட்டு நேரா அம்பாங்கானுக்கு வந்துருங்க."

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரியும். அண்ணன் விமானம் ஏறிய மறுநாளே லயத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டும் வேலையில் இருந்தவர் அண்ணி என்பதால் வீடு அவர் பெயரில்தான் இருந்தது. அவரும் போட்டுவிட்டார். லயத்தை இடித்தும் ஆகிவிட்டது. இத்தனையும் நடக்கும்போது அண்ணன் குறுக்கே நிற்கக்கூடாது, அவ்வளவுதான். அதற்குத்தான் சுகுமாறன் புண்ணியக் கணக்கில் டிக்கெட் எடுத்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செய்வதையெல்லாம் செய்துவிட்டு, சொல்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

செரம்பானில், தோட்டத்துக்குப் போகிற ரந்தாவ் பாதையை விட்டுக் காரைத் திருப்பியதும் அண்ணன் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சொன்னேன்.

"எல்லாருமாடா?" என்றார்.

"எல்லாரும்ணே."

"திலகாவுமா?"

நான் சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

அடுக்குமாடிக்குக் கீழே லயத்துச் சனமே கூடி நின்றது. சுகுமாறன் பொன்னாடையோடு வந்தார். "கடல் தாண்டிப் போய் வீடு கட்டிக் குடுத்த நம்ம அண்ணன்" என்று சொல்லிப் போர்த்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். துளியாவது கூச்சம் வேண்டாமா? அண்ணன் அதை எடுத்து மடித்துச் சுகுமாறன் கையிலேயே கொடுத்துவிட்டு மாடி ஏறினார்.

புது வீட்டில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். அண்ணன் உட்காரவில்லை.

"அங்க ஒரு பொம்பளைக்கு வீடு கட்டுனேன். அடுப்பங்கரை எந்தப் பக்கம் வேணும்னு அவளக் கேட்டுத்தான் கட்டுனேன். என் வீட்ட இடிக்க என்னை ஒரு வார்த்த கேக்கலயே திலகா."

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அவளக் கேட்டீங்க. தரை வீடுதான் வேணும்னு இத்தன வருஷம் நின்னீங்களே, என்னைக் கேட்டீங்களா? என்னால முடியலங்க." அண்ணி அழ ஆரம்பித்தார்.

"கேக்கல. தப்புதான்" என்றார் அண்ணன். "ஆனா நான் செஞ்சதெல்லாம் உன் கண்ணு முன்னாடிதான் செஞ்சேன். உன்னை ஊர் கடத்திட்டுச் செய்யல."