அப்பாவுக்கு நான் அளந்து கொடுத்த தண்ணீர்

எங்கள் அப்பா பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயமொன்றில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். சிறுவயதிலேயே தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை நின்றபடியே உழைத்தார். அம்மா இளவயதில் காலமானபின் அண்ணனையும் என்னையும் தனியாக வளர்த்து, என்னைப் பல்கலைக்கழகம்வரை அனுப்பினார். பதுளையில் நோயாளர்களுக்கு உணவு ஆலோசனை சொல்லும் வேலை எனக்குக் கிடைத்தபோது, "சாப்பிடச் சொல்லிக் குடுக்கவும் படிக்கணுமா பாப்பா?" என்று சிரித்தார்.

பிறகு அவரே என் நோயாளியானார். இரத்தத்தில் சீனி கூடி, காலில் புண் வந்தது. மாவையே தொடக்கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி, மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தார். ஒருநாள் மலையூற்றுத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்கும்போது மயங்கி விழுந்தார். நான் ரொட்டியை நிறுத்தவில்லை. இரண்டை ஒன்றாக்கி, பருப்பும் கீரையும் சேர்த்தேன். தேநீரில் சீனியைச் சிறுகச் சிறுகக் குறைத்தோம். புண் ஆறியது. அதன்பின் லயத்தில் சீனி உள்ளவர்களையெல்லாம் அப்பாவே என்னிடம் அழைத்து வந்தார். "என்ன திங்கிறீங்கன்னு மறைக்காம சொல்லுங்க, திட்ட மாட்டா" என்று அவர்களுக்குத் தைரியம் சொல்வார்.

சில ஆண்டுகளில் சிறுநீரகம் பழுதானது. அப்பாவைப் பதுளையில் என் வீட்டுக்கு அழைத்துக்கொண்டேன். உடம்பில் நீர் தேங்கியதால், குடிக்கும் தண்ணீரையும் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. காலையில் ஒரு போத்தலில் அளந்து வைப்பேன். அப்பா ஒருமுறைகூடக் களவாகக் குடித்ததில்லை. பங்குனி வெயிலில் ஒரு பிற்பகல், போத்தல் காலியானபின் கேட்டார்.

"இன்னும் ஒரு மொடக்கு குடுக்கலாமா பாப்பா?"

"கால் வீங்கியிருக்குப்பா. நாளைக்குத் தர்றேன்."

"சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் வாதாடியிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ.

மூன்று வாரம் கழித்து வைத்தியர், இனிக் கட்டுப்பாடு வேண்டாம், கேட்டதைக் கொடுங்கள் என்றார். அப்பா எதையும் கேட்கவில்லை. கரண்டியால் வாயில் விட்ட தண்ணீர் உதட்டோரம் வழிந்தது. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த எனக்கு, அந்தக் கரண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுநாள் காலை அப்பா எங்களைவிட்டுப் போய்விட்டார்.

நான் கொடுத்த அளவு சரியானதுதான் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் மனம் ஆறவில்லை.

நான் வேலைக்குப் போன பகல்களில் அப்பாவுக்குத் துணையிருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், பூனாகலையிலிருந்து பஸ் ஏறி வந்து பார்த்தவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும் அண்ணன் குடும்பத்தினரும் நானும் நன்றி சொல்கிறோம். தண்ணீரைக் குறைக்கச் சொல்ல வேண்டியவர்களுக்கு இன்றும் நான் அதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடிவதில்லை. அதைப் பொறுத்துக்கொள்ளும் அவர்களுக்கும் என் நன்றி.