கீழ்வரிசையில் முதல் படம்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கம்பியூட்டர் திரையின் அடியில் சின்னப் படங்கள் வரிசையாக நிற்கும். எனக்கு வாசிப்பு அவ்வளவாக ஓடாது, படங்களும் எல்லாம் நீலமாகவே தெரியும். அதனால் கனடாவிலுள்ள மகளைக் கூப்பிடும் படத்தை ஒவ்வொன்றாக அழுத்திக் கண்டுபிடித்து, இழுத்து முதலாவதாக வைப்பேன். மறுநாள் அது பழையபடி நடுவில் எங்கேயோ நிற்கும். முதலாவதை அழுத்தினால் வேறேதோ திறக்கும். பக்கத்து வீட்டாரைக் கேட்க மனம் வரவில்லை. என் பிள்ளையோடு கதைக்க எனக்கு ஆள் வேண்டுமா?

ஒருநாள் மகளே ஃபோனில் கூப்பிட்டபோது சொன்னேன்.

"அம்மா, கம்பியூட்டரை எப்பிடி நிப்பாட்டுறனீங்கள்?"

"கோயிலுக்குப் போகேக்க எல்லாத்தையும் போல சுவர் சுவிச்சிலதான்."

"ஐயோ! அது வரிசையைப் பதிஞ்சு வைக்க முதலே கழுத்தைத் திருகுறீங்களே! முதல்ல ஸ்கிரீனில நிப்பாட்டுங்கோ. இருண்டாப் பிறகு சுவிச்சைத் தொடுங்கோ."

சட்டிபானையை அதனதன் இடத்தில் வைக்காமல் நான் ஒருநாளும் குசினி விளக்கை அணைத்ததில்லை. அந்த நேரத்தை இதற்கு மட்டும் நான் கொடுக்கவில்லை. அன்று படத்தை மறுபடி முதலாவதாக வைத்து, ஸ்கிரீனிலேயே நிறுத்தி, திரை இருளும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

மறுநாள் முதலாவதை அழுத்தினேன். மகளின் முகம் வந்தது.

"ஆரம்மா கோல் எடுத்துத் தந்தது?"

"வேறை ஆர்? நான்தான்."