மிளகாய்ப்பழக் கலர்

மைக் செட் பாயின் மைக்குக்கு எப்போதும் ஒரு கைக்குட்டை கட்டியிருக்கும். ஊதாக் கட்டம் போட்டது. பேசுகிறவர்களின் எச்சிலிலிருந்து மைக்கைக் காப்பாற்றத்தான் அது என்பார். அவர் பயம் நியாயமானதுதான். அறுபதுகளில் எங்கள் காஞ்சிபுரத்தில் மைக் முன்னால் நின்ற எல்லோருமே அடுக்குமொழியில் பேசினார்கள். அடுக்குமொழிக்கு எச்சில் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். போன மாதம் அதே ஊரில் ஒரு புத்தக விழா. கைக்குட்டை கட்டாத பளபளப்பான மைக் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க ஏன் சார் எழுதுறீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். எனக்குப் பாயின் ஞாபகம்தான் வந்தது.

அந்த அறுபதுகளில் நான் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். காத்திருந்த நேரத்தில் 'வேகவதிச் செம்மல்' என்ற பெயரில் கதைகள் எழுதினேன். வேகவதி ஆற்றில் தண்ணீர் இல்லை, என் கதைகளில் வேகவதியே இல்லை. அப்பா நாளெல்லாம் தறியில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தத்துக்குள்ளேயே உட்கார்ந்து நான் நிலவொளியில் விம்மும் இளவரசிகளைப் பற்றி எழுதினேன். தறி, நூல், சாயம் எதையும் கதைக்குள் விடமாட்டேன். அதெல்லாம் வீட்டுச் சமாசாரம், இலக்கியம் வேறு என்று நினைப்பு. பத்திரிகைகளுக்குப் போன கதைகளெல்லாம் தபாலில் பத்திரமாகத் திரும்பி வந்தன. என் எழுத்துக்கு இருந்த ஒரே ரசிகர் மைக் செட் பாய். வைகாசி கருட சேவைக்கு அறிவிப்புச் செய்ய என்னைக் கூப்பிட்டபோது, "உன் தமிள் தனி தமிள் தம்பி. நம்ம ஆரன்ல உட்டா ஊரே நிக்கும்" என்றார். ஆரன் என்பது மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி.

ஊரே நிற்கத்தான் செய்தது. பெருமாள் கோபுரம் தாண்டி வந்திருந்தார். நகர இடமில்லை. அந்த நெரிசலில் யாரோ ஒருவர் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிவந்து எங்கள் மேடையில் விட்டுவிட்டுப் போனார். பெயர் கேட்டால் அழுதது, ஊர் கேட்டாலும் அழுதது. நான் மைக்கின் கைக்குட்டையைப் பிடித்தேன்.

"அன்பார்ந்த பெருமக்களே, செந்நிறச் சிற்றாடை பூண்ட சின்னஞ்சிறு செல்வி ஒருத்தி, ஈன்றெடுத்த அன்னையைக் காணாது இங்கே ஏங்கித் தவிக்கின்றாள்!"

கீழே கைதட்டினார்கள். பாய்க்குப் பூரிப்பு. "அந்த ஏங்கித் தவிக்கின்றாள இன்னொரு தபா உடு தம்பி" என்றார். விட்டேன். கண்ணீர் வெள்ளத்தையும் கருணைக் கடலையும் சேர்த்து விட்டேன். மறுபடி கைதட்டல். அம்மா மட்டும் வரவில்லை. அதற்குள் சாமி நகர ஆரம்பித்தது. கூட்டமும் கூடவே நகர்ந்தது. சாமி போய்விட்டால் ஜனங்கள் பஸ்ஸைப் பிடித்து ஆளுக்கொரு ஊராகப் போய்விடுவார்கள். குழந்தை என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. சகரத்தில் தொடங்கும் சொற்களும் தீர்ந்துவிட்டன. குனிந்து அந்தப் பாவாடையைப் பார்த்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"யம்மா, அரக்குப் பாவாடை கட்டிக்கினு ஒரு கொழந்த இங்க அழுதுக்கினு இருக்குதுமா. மாம்பழக் கலர் கரை. இடுப்புல ஊக்கு குத்தியிருக்குது. கைல கடிச்ச வெள்ளரிப் பிஞ்சு. சீக்கிரம் வாமா, எனக்கே பயமா இருக்குது."

பாயின் முகம் தொங்கிவிட்டது. "இன்னா தம்பி, வூட்ல பேசற மாதிரி பேசிட்டியே" என்றார். கைதட்டலும் இல்லை. ஆனால் நகர்ந்துகொண்டிருந்த கூட்டம் நின்று மேடையைத் திரும்பிப் பார்த்தது. பாதிக்கு மேல் நெசவுக்காரர்கள்.

"அரக்குன்றான் பாரு. அது குங்குமம்பா."

"போய்யா, தக்காளிக் கலரு. கண்ணு தெர்ல உனுக்கு?"

"சாயம் தோச்சவன் நான் சொல்றேன், அரக்குதான்."

பெருமாளை விட்டுவிட்டுக் கலருக்காகச் சண்டை. அப்போது ஆரனுக்கு நேர் கீழேயிருந்து ஒரு பெண் குரல் அதட்டியது. "அரக்கும் இல்ல, தக்காளியும் இல்ல. மிளகாப்பழம்யா அது. என் வூட்டுக்காரர் நெய்ஞ்சது."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கையிலிருந்த மோர்த் தம்ளர் கீழே விழ, ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடை ஏறினாள். குழந்தையை வாரி அணைத்து, முதுகில் ஒன்று வைத்து, மறுபடி அணைத்துக்கொண்டாள்.

"எவ்ளோ நேரமா இங்க நிக்கிறம்மா?" என்று கேட்டேன்.

"நீ பேச ஆரம்பிச்சதுல புடிச்சி நிக்கிறேன். கொழந்த நாத்தனார்கிட்ட இருக்குதுன்னு இருந்துட்டேன். நல்லாத்தான் பேசனே. நானும் கை தட்டனேன். யாரோ எலெக்‌ஷன்ல நிக்கறாங்கன்னு நெனச்சேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. என் சொல்லைக் கேட்டுக் கைதட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன், திரும்பிப் பார்த்தவர்களை அன்றுதான் பார்த்தேன். இன்னொரு முறை அது நடக்க வேண்டும் என்ற ஆசை அப்போதே பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போய், ஒரு புடவையின் கலரைப் பற்றி அப்பாவும் சாயக்காரரும் போட்ட சண்டையைக் கதையாக எழுதினேன். என் சொந்தப் பெயரையே போட்டேன். அது திரும்பி வரவில்லை. அச்சில் வந்ததைப் பாய்க்குப் படித்துக் காட்டினேன். "இதத்தான் நம்ம தெருவுல தெனிக்கும் கேக்கறனே தம்பி" என்று வருத்தப்பட்டார். அடுத்த வருஷம் கருட சேவைக்கு நல்ல தமிழ் பேசுகிற வேறொருவரைப் பிடித்துக்கொண்டார். கடைசி வரை என்மேல் அவருக்கு அந்த மனத்தாங்கல் இருந்தது.

விழாவில் கேட்ட பெண்ணுக்குப் பதிலாக இதைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். அரக்குப் பாவாடை, மாம்பழக் கரை என்பது வரை வந்திருப்பேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து நின்றார். என்னைவிட வயதானவர்.

"அரக்குக்கு மாம்பழக் கரை யார் சார் போடுவாங்க? அது மிளகாப்பழமா இருக்கும். நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க."

மண்டபமே சிரித்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளலாம் என்று மைக்கின் கழுத்தைத் தடவினேன். கைக்குட்டை இல்லை.