ஆண்களுக்கு வராத நோய்

பேக்கரியில் எல்லோரும் அவரை பன் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி இறந்த பிறகு, பேக்கரிக்கு மேலேயே ஓர் அறையில் தனியாக இருந்தார். உயரமான மேசைமேல் நெஞ்சைச் சாய்த்து மாவு பிசைவது அவர் வழக்கம். இடது மார்க்காம்புக்குக் கீழே பட்டாணி போல ஒன்று தட்டுப்பட்டபோது, மேசை விளிம்பு இடித்து வந்த கட்டி என்று விட்டுவிட்டார். வலித்தால்தானே டாக்டரிடம் போக! ஒரு வருடம் ஓடியது. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு, பனியனில் ரத்தம் கசிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சோதனைகள் முடிந்து, "மார்பகப் புற்றுநோய்" என்றார் டாக்டரம்மா.

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சீட்டு மாறிப்போச்சு டாக்டர். நான் ஆம்பளை."

"மாறலைங்க. ஆம்பளைங்களுக்கும் வரும். ரொம்ப அபூர்வம், அவ்வளவுதான்."

வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். பக்கத்தில் இருந்தவர் பையை நகர்த்தி இடம் கொடுத்தார். "யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"வீட்டுக்காரியை" என்றார் மாஸ்டர். இல்லாதவளைத் துணைக்கு வைத்துக்கொண்டார்.

அவருக்கு உறவென்று இருந்தது ஒரே தங்கை. விஷயம் கேட்டதும் போனிலேயே அழுதாள்.

"கத்தி வைக்க விட்டுடாதேண்ணே! கத்தி பட்டா உடம்பு பூரா பரவிடுமாம்."

மாஸ்டர் பயந்துபோய் டாக்டரிடம் கேட்டார். "கத்தியால பரவாது. வெட்டாம விட்டாத்தான் பரவும்" என்றார் அவர்.

ஆபரேஷன் நடந்தது. தங்கை வரவில்லை. மாஸ்டர் அறைக்குத் திரும்பிய பிறகு, அவள் கணவர் தினமும் சாப்பாடு கொண்டுவந்து வாசலோடு வைத்தார். "பாத்திரத்தைத் திருப்பித் தர வேணாம் மச்சான். நீங்களே வச்சுக்குங்க."

மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தார். அலமாரியில் ஒரு குடும்பத்துக்குப் போதுமான பாத்திரங்கள் சேர்ந்தன.

வேலைக்குத் திரும்பியபோது முதலாளி அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஜனங்க ஒரு மாதிரி பேசறாங்க மாஸ்டர். கொஞ்ச நாள் பேக்கிங்ல இருங்க."

"இது ஒட்டுற வியாதி இல்லைங்க."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணுமே."

கவர் ஒட்டும் மூலையில், பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் அவருடைய பகல்கள் கழிந்தன.

அடுத்த முறை போனபோது டாக்டர் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். மாஸ்டருக்கு அம்மா ஞாபகம் வந்தது. மார்பில் ஆறாத புண்ணோடு படுத்த படுக்கையாகி, இளம் வயதிலேயே போய்ச்சேர்ந்தவள். பால் கட்டிக்கொண்டது என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

"சில குடும்பத்துல இது ரத்த வழியா வரும். உங்க தங்கச்சியும் பரிசோதனை பண்ணிக்கறது நல்லது" என்றார் டாக்டர்.

அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போனார். அவள் கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் நீட்டினாள்.

"நான் உள்ளே வரலைம்மா. ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன்" என்று டாக்டர் சொன்னதைச் சொன்னார்.

"எனக்கு ஒரு வலியும் இல்லையேண்ணே."

"எனக்கும் வலிக்கலை."

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

ஒரு மாதம் கழித்து அவளே கூப்பிட்டாள். "நாளைக்கு அந்தப் பரிசோதனைக்கு என்கூட வர்றியா? இவருக்கு லீவு இல்லை."

இவருக்கு லீவு இல்லையா, மனசு இல்லையா என்று மாஸ்டர் கேட்கவில்லை; போனார். படம் எடுத்துப் பார்த்ததில், கைக்குத் தட்டுப்படாத சின்னக் கட்டி ஒன்று தெரிந்தது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டதால் அதை மட்டும் எடுத்து, கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். தங்கை தேறிவிட்டாள்.

மாஸ்டரும் நன்றாகத்தான் இருக்கிறார். இடது கை மட்டும் முழுசாக மேலே தூக்க வராது. இன்னும் பேக்கிங்தான், இன்னும் அதே மாடியறைதான். விலகியிருந்த அந்த நாட்களைப் பற்றி தங்கை ஒரு வார்த்தை பேசியதில்லை, அவரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். மாத்திரை போட்டாயா, தூங்கினாயா என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். இருந்தாலும் இருவரும் உடனே போனை வைத்துவிடுவதில்லை.