முளையா, அடியா

சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று வெகுநாள் மார்தட்டிக்கொண்டிருந்தேன். தெரணியகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டு அக்கா நுவரெலியாப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். அவருக்குச் சிங்களம் தெரியாது; சிங்களத்தில் யார் என்ன சொன்னாலும் என் முகத்தைத்தான் பார்ப்பார்.

அவருக்கு ஒரு பசு, எனக்கு ஒன்று. பழைய ரப்பர் மரங்களை வெட்டிய சரிவில் இரண்டையும் கயிற்றில் கட்டி மேய்ப்போம். அவருடையது சினைமாடு. புல் குறைகிறதே என்று கேட்டதற்கு, அரசாங்கக் கால்நடைக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி மாத்தயா "முல கன்ன தென்ன எப்பா" என்றார். முளையைத் தின்ன விடக்கூடாதாம் என்று அக்காவுக்குச் சொன்னேன். அதனால் துளிர் இருந்த பக்கமே போகாமல், முற்றிய புல்லில் மண் தெரியும்வரை மாடுகளைக் கட்டிவைத்தோம். அப்புறம் அங்கே துளிரே வரவில்லை.

மாத்தயா மறுபடி வந்து ஒரு தூரைப் பிடுங்கிக் காட்டினார். தரையை ஒட்டி மூன்று விரல் அளவுக்கு வெளுத்துத் தடித்த தண்டு. புல் தன் சாப்பாட்டை அங்கேதான் சேர்த்துவைக்குமாம். இலை போனாலும் அதை வைத்துத்தான் துளிர்க்குமாம். அவர் சொன்ன முல, அடி. முளை இல்லை. அப்படியானால் துளிரைத் தின்னலாமா என்று கேட்டேன். அதுவும் கூடாதாம்; புது இலை வளர்ந்து, செலவான சாப்பாட்டைத் திரும்பச் சேர்க்கும்வரை விட்டுவைக்க வேண்டுமாம். எனக்குத் தலை சுற்றியது. நான் சொன்னது தப்பா, பாதி சரியா? இன்றுவரை விளங்கவில்லை.

இப்படித் தரையோடு மேய்க்க யார் சொன்னது என்று அவர் கேட்டார்.

"என்னா சொல்றாரு புள்ள?" என்றார் அக்கா.

"மழ போதலையாம்க்கா."

வாயில் ஏன் அது வந்ததோ தெரியவில்லை. குடையில்லாமல் வாசலில் இறங்க முடியாத ஊர் இது. அக்கா வானத்தைப் பார்த்துத் தலையாட்டினார். நாம் சரியாகத்தான் செய்தோம், மழைக்கு யார் என்ன செய்வது என்று எனக்கே ஆறுதல் சொன்னார். வெட்கத்தில் குறுகிப்போனேன், ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை.

மிஞ்சிய புல் ஒரு மாட்டுக்கே காணாது. அக்கா தன் மாட்டை விற்றுவிட முடிவெடுத்தார். வரக்காப்பொல மாட்டு வியாபாரி லாரியோடு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அக்கா என்னைத்தான் கூப்பிட்டார்.

"வயித்துல கன்னு இருக்கு, அறுக்கக் குடுத்துறாதீங்கனு சொல்லு புள்ள."

சொன்னேன். நான் சொன்னது சரியாக விளங்கியதா என்று வியாபாரியிடமே திரும்பவும் கேட்டேன்.