எட்டாயிரம் அடியில் ஒரு பஸ்

விமானம் ஓட்டுகிறவர்கள் மேல் ஊருக்குள் ஒரு தனி மரியாதை இருக்கிறது. கண்ணாடியும் தோள்பட்டைக் கோடுகளும் சேர்ந்து செய்த காரியம் அது. உண்மையில், தரையை விட்டு எழும்பிய பிறகு எங்கள் பிழைப்பில் பாதி, ஒரு குமிழைத் திருகிவிட்டு அது சொன்னபடி நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். அந்தப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையைக்கூடச் செய்ய முடியாதவர்களும் எங்களில் உண்டு. அவர்களுக்குத்தான் சீக்கிரம் பதவி உயர்வு கிடைக்கிறது.

போர்ட் பிளேரிலிருந்து நான் ஓட்டிய சிறிய இரட்டை எஞ்சின் விமானத்தில் அந்தக் குமிழ் ஒரு சின்னப் பெட்டியில் இருந்தது. எந்த உயரத்துக்குப் போக வேண்டுமோ அந்த எண் வரும்வரை குமிழைத் திருக வேண்டும். பிறகு பக்கத்தில் இருக்கும் 'ஆர்ம்' பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை விளக்கு எரியும். எரிந்தால், அந்த உயரம் வந்ததும் ஆட்டோபைலட் ஏறுவதைத் தானே நிறுத்திக்கொள்ளும். எரியாவிட்டால், எண் மட்டும் அழகாகத் தெரிந்துகொண்டிருக்கும், விமானம் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். இதில் ஒரு வம்பு உண்டு. பொத்தானை அழுத்திய பிறகு குமிழை ஒரு சொடுக்குத் திருகினாலும் விளக்கு அணைந்துவிடும். பழைய எண்ணையே திரும்பக் கொண்டுவந்து வைத்தாலும் எரியாது. பந்தியில் பாதியில் எழுந்துபோய்விட்டுத் திரும்பி வந்தால் இலை இருக்காது இல்லையா, அந்த மாதிரி. மறுபடி அழுத்தித்தான் ஆக வேண்டும்.

பெட்டிக்கு இரண்டாவது வேலையும் உண்டு. வைத்த உயரத்துக்கு இன்னும் ஆயிரம் அடி இருக்கும்போது மணி அடிக்கும். அந்த உயரத்தைத் தாண்டி முந்நூறு அடி விலகிவிட்டால் மறுபடி அடிக்கும். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் மணி தன் கடமையைச் செய்யும். ஆகவே குமிழைத் தொடுகிறவர் விரல் நீட்டி எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி.

எல்லாச் சொல்லும் ஆங்கிலத்தில்தான். ஆனால் என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஏறி முடித்து விமானம் சமநிலைக்கு வரும்போது, முறையான ஆங்கிலச் சொல்லைச் சொல்லிவிட்டு, மெதுவாக "பஸ்" என்பேன். தீவில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சாத்தம் ஜெட்டியில் பாம்பூஃப்ளாட் ஃபெரிக்குள் ஜீப்பும் லாரியும் பின்பக்கமாக ஏறும்போது, கப்பல் ஆள் வண்டியின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே "ஆனே தோ, ஆனே தோ, ஆனே தோ" என்பான். கடைசியில் "பஸ்!" என்பான். வரட்டும், வரட்டும், போதும். அந்த 'பஸ்' காதில் விழாத ஓட்டுநர் நேராகக் கடலுக்குத்தான் போக வேண்டும். என் அப்பா அந்தத் துறையில் லாரி ஏற்றி இறக்கியவர். எங்கள் வீட்டில் சாம்பார் போதும் என்பதற்கும் பஸ்தான், சண்டை போதும் என்பதற்கும் பஸ்தான். தமிழ், இந்தி, வங்காளம், தெலுங்கு எல்லோருக்கும் புரிகிற ஒரே நிறுத்தல் சொல் அது.

அப்பா போன பிறகு அம்மா பாம்பூஃப்ளாட்டில் தனியாக இருந்தார். ஜெட்டி அருகே தையல் கடை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனியில் போர்ட் பிளேர் தளத்துக்கு ஒரே ஒரு கேப்டன் இடம் காலியானது. சோதனைப் பயணத்தில் தேறினால் கேப்டன் உட்காரும் இடப்பக்க இருக்கை எனக்கு, ராத்திரி வீட்டுச் சோறு. தேறாவிட்டால் மெயின்லேண்டுக்கு மாற்றல். "கூட வாம்மா" என்றால் அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொல்வார்: "ஏட்டி, அங்க எனக்கு யாரைத் தெரியும்? நீ போனா போ, நான் இங்கதான். மிஷின தூக்கிட்டு வர முடியுமா, போல், நீயே சொல்லு." நான் போகவும் விரும்பவில்லை, அவரை விட்டுவிட்டுப் போகவும் துணியவில்லை. அதனால் அந்தச் சோதனைக்கு வெறி பிடித்தவள் போலப் படித்தேன்.

சோதிக்க மெயின்லேண்டிலிருந்து ஒரு மூத்த கேப்டன் வந்தார். சென்னைக்காரர். விமான நிலையக் கேன்டீனில் "வணக்கம் சார்" என்றேன். விமானி அறையில் ஆங்கிலம் மட்டுமே என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. நாங்கள் நின்றிருந்தது வடைத் தட்டுக்கு முன்னால். வடையையும் அவர் ஆங்கிலத்தில்தான் கேட்டார். கேன்டீன்காரர் தெலுங்குக்காரர், எத்தனை வேண்டும் என்று இந்தியில் கேட்டார். தமக்கு இந்தி வராது என்பதைக் கேப்டன், பட்டம் வாங்கியதுபோல நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். நான்தான் நடுவில் நின்று வடை வாங்கிக் கொடுத்தேன்.

பெட்டியையும் அதன் மணியையும் அவருக்குக் கட்டோடு பிடிக்காது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் மணிக்கு அடிமை என்பார். தாம் ஓட்டப் பழகிய காலத்தில் இப்படி ஒரு சாமான் கிடையாது, உயரம் தமக்கு உட்காரும் இடத்திலேயே தெரியும் என்று இருக்கையைத் தட்டிக் காட்டினார். இடம் என்னவோ விசாலமானதுதான். அதில் உயரம் காட்டும் முள் எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

தெற்குக் கோடியில் இருக்கும் காம்பெல் பே ஊருக்குப் போகும்போது நான் ஓட்டினேன். குறை சொல்ல ஒன்றுமில்லாமல் போனதில் அவருக்கு வருத்தம் என்று முகம் சொன்னது. என் 'பஸ்' மட்டும் அவர் காதில் விழுந்துவிட்டது. அது என்ன உளறல் என்று கேட்டார். பழக்கம் சார், இனி வராது என்றேன்.

திரும்பும்போது பின்னால் அரசு ஊழியர்கள் சிலர், பிரசவத்துக்குப் போர்ட் பிளேர் போகும் ஒரு பெண், யாரோ அனுப்பிய ஒரு கூடை உயிர் நண்டு. எட்டாயிரம் வரை ஏற அனுமதி கிடைத்தது. எண்ணை வைத்தேன், பொத்தானை அழுத்தினேன், பச்சை விளக்கு எரிந்தது, விரல் நீட்டிச் சொன்னேன். மேலே ஒன்பதாயிரத்தில் எதிர்த் திசையில் வேறொரு விமானம் வருகிறது என்று கட்டுப்பாட்டாளர் எச்சரித்தார். வெளியே ஒரே மேகம், இறக்கை நுனி தெரியவில்லை. அப்போதுதான் அவர், பெட்டிக்கு அடிமையாகாமல் ஏறுவது எப்படி என்று காட்டுகிறேன் என்று சொல்லி, விமானத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கிறவள் ஆனேன்.

பேச்சு தொடங்கியது. பழைய மழை, பழைய ஓடுதளம், பழைய வீரம். பேசிக்கொண்டே, அடுத்த அனுமதி பத்தாயிரத்துக்குத்தான் வரும் என்று தானாக முடிவு செய்து, குமிழைப் பத்தாயிரத்துக்குத் திருகினார். சொல்லவில்லை, விரல் நீட்டவில்லை. நான் தலை நிமிர்ந்து "எட்டாயிரம்தான் சார்" என்றதும், தெரியும் தெரியும் என்று திரும்ப எட்டாயிரத்துக்குக் கொண்டுவந்தார். எண் சரியாக இருந்தது. பச்சை விளக்கு அணைந்திருந்தது. "ஆர்ம் ஆகவில்லை சார்" என்று முறையான ஆங்கிலத்தில் சொன்னேன். கதை முக்கியமான இடத்தில் இருந்ததால் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். பொத்தானுக்கு நானே கை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார்.

மணி அடித்தது. ஆயிரம் அடி பாக்கி என்றேன். கேட்டது என்பதுபோலத் தலையாட்டிவிட்டுக் கதையைத் தொடர்ந்தார். எட்டாயிரம் வந்தது. விமானம் அதை ஒரு பொருட்டாக மதிக்காமல் ஏறிக்கொண்டே போனது. படித்த ஆங்கிலச் சொல் ஒன்றும் அந்த நொடி என் வாயில் வரவில்லை. அப்பாவின் லாரிதான் வந்தது.

"பஸ்! பஸ்! பஸ்!"

அவர் திடுக்கிட்டு மேகத்துக்குள் முன்னும் பக்கமும் பார்த்தார். "எந்த பஸ்ஸு?"

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழ் அதுதான். சிரிப்பதற்கு நேரமில்லை. முந்நூறு அடி தாண்டிவிட்டோம் என்று மணி மறுபடி அடித்தது. ஆட்டோபைலட்டைத் துண்டித்து, கன்ட்ரோல் என்னிடம் என்று கத்தி, மூக்கைக் கீழே அழுத்தினேன். எதிரே வந்தவர் ஒன்பதாயிரத்தில் இருப்பதாக ரேடியோவில் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் எங்கள் தலைக்கு மேலே கடந்து போகும்வரை உயரம் காட்டும் முள்ளை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. பயம்தான். பின்னால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நண்டுகள் மட்டும் கூடைக்குள் பரபரத்துக்கொண்டிருந்தன.

பிறகு என்ன ஆனது என்று எல்லோரும் கேட்பதால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததை நடந்தபடி நான் கம்பெனி மேலிடத்தில் சொன்னேன். சோதனை செல்லாது என்றார்கள். அதற்குள் அந்த ஒரே இடம் வேறொருவருக்குப் போனது, நான் மெயின்லேண்டுக்குப் போனேன். ஒரு வருஷத்துக்கு மேல் அம்மா பாம்பூஃப்ளாட்டில் தனியாக இருந்தார். காய்ச்சலில் கிடந்ததைக்கூட எழுந்து நடமாடிய பிறகுதான் என்னிடம் சொன்னார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. மறுபடி ஒரு இடம் காலியாகி, வேறொருவர் சோதித்து, இப்போது இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மூத்த கேப்டன் சோதிப்பதை விட்டுவிட்டு இளம் விமானிகளுக்கு வகுப்பு எடுக்கிறார். தலைப்பு, உயரத்தில் விழிப்புடன் இருப்பது. திரையில் அந்தப் பெட்டியின் படத்தையும் காட்டுகிறாராம். படத்தில் பச்சை விளக்கு எரிகிறதாம்.

ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவு வருவது, அன்றைக்கு இறங்கிய பிறகு விமான நிலையத்தில் இருந்த அந்தச் சின்ன அறைதான். கதவைச் சாத்தினார். நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார்.

"உட்காரும்மா. உங்க பூர்வீகம் எது?"

"தூத்துக்குடி சார்."

"அட! என் மாமனார் ஊரு கோவில்பட்டிதான். பாரு, கிட்டத்தட்ட சொந்தக்காரங்களா ஆயிட்டோம்."

வடைக்கு வராத தமிழ் இப்போது ஆறாகப் பெருகியது. "நீயும் தமிழ்ப் பொண்ணு, நானும் தமிழ். வெளியூர்ல நமக்கு நாமதானேம்மா?" என்றார். அவருக்குத்தான் அது வெளியூர். எனக்கு அடுத்த ஃபெரியைப் பிடித்தால் வீடு.

"உன்னை பாஸ் பண்ணிடறேன். நீ நல்லாத்தான் ஓட்டறே. அந்த முந்நூறு அடி, காத்து தூக்கிடுச்சுன்னு வெச்சுக்கலாம். ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னா யாரு கேக்கப் போறா? அம்மா தனியா இருக்காங்களாமே, நீ இங்கேயே இருந்து பாத்துக்கலாம்."

சரி என்று சொல்ல வேண்டும்போலத்தான் இருந்தது. நான் ஒன்றும் மகாத்மா இல்லை. தையல் மிஷின் சத்தமும் ஜெட்டியும் ராத்திரிச் சோறும் அந்த ஒரு சொல்லுக்கு அப்பால் தயாராக இருந்தன. அந்தப் பிரசவக்காரப் பெண் வெளியே வராந்தாவில் ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தாள். சாத்திய கதவின் கண்ணாடியில் அவள் முந்தானை தெரிந்தது. அடுத்த வாரம் இவர் இன்னொருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து இதே குமிழைத் திருகுவார்.

நான் கதவுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் அனுமதி என்று எடுத்துக்கொண்டு மேலே போனார். "அந்த இடத்துல நீ பஸ் பஸ்னு கத்தினது தப்பும்மா. அதனாலதான் எனக்குக் கவனம் சிதறிடுச்சுன்னு நான் எழுதலாம். எழுதினா உனக்குத்தான் கஷ்டம். ஆனா எழுத மாட்டேன். நம்ம பொண்ணாச்சே. நீயும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து..."

"பஸ், சார்" என்றேன்.

இந்த முறை எந்த பஸ் என்று அவர் கேட்கவில்லை.