அழகிரியின் பென்டிரைவ்

பதினெட்டு வருஷமாகத் திருச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் அழகிரி, எது மக்கர் பண்ணினாலும் முதலில் மெஷினைத்தான் திட்டுவார். ஸ்ரீரங்கத்து ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் சர்வர் சாஃப்ட்வேர் போட்டபோது, ‘இந்தப் பிராசசருக்கு ஒத்துவராது’ என்றது திரை.

“மட்டமான மெஷினை உங்க தலையில கட்டிட்டாங்க!”

லேப்காரர் ஜெய்சங்கர் உடனே, அதை விற்ற தஸ்லிமாவுக்குப் போன் போட்டு, அழகிரி பேரைச் சொல்லிக் கண்டபடி பேசிவிட்டார்.

பிறகுதான் அழகிரி தன் பென்டிரைவைப் பார்த்தார். தன் புது லேப்டாப்பில் டவுன்லோடு செய்ததால், அதிலிருக்கும் வேறு வகைப் பிராசசருக்கான காப்பியே இறங்கியிருந்தது. சரியானதைப் போட்டதும் சர்வர் சமர்த்தாக ஓடியது.

“நல்லவேளை, நீங்க வந்தீங்க,” என்று ஜெய்சங்கர் கைகுலுக்கினார். அழகிரி பென்டிரைவைச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டு கிளம்பினார்.

காவிரிப் பாலத்தில் போன் அடித்தது. தஸ்லிமா.

“அண்ணே, மெஷின்ல என்ன கோளாறு? வேற தரேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”